போட்டிக்கான ஸ்டீல்பான் இசைக்கோப்பில் எது முக்கியம்?

கேள்வி: டபுள்செகண்ட்

வணக்கம். டொரொன்டோவில் இயங்கும் ஒரு ஸ்டீல்பான் (இரும்புப் பீப்பாயில் செய்த, ஸ்வரம் தரும் தட்டுக்கருவி) குழுவில் டபுள் செகண்ட் (இரண்டு பான்கள் கொண்ட நடுக்குரல் கருவி) வாசித்து வருகிறேன். கோடையில் கரீபியன் திருவிழாவை ஒட்டி நடைபெறும் பான் போட்டிக்கு எங்கள் குழு ஆயத்தமாகிக் கொண்டிருக்கிறது. எங்கள் அரேஞ்சர் (பாடலைக் குழுவுக்காக விரித்து அமைப்பவர்) டிரினிடாடைச் சேர்ந்த மூத்தவர். எனக்குக் கீபோர்டும் மேற்கத்திய இசைக் கோட்பாடும் ஓரளவு தெரியும் என்பதால், இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட பாடலின் நடுப்பகுதியை எழுதிப் பார்க்கும் பொறுப்பை அவர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். குழுவில் ஏறக்குறைய முப்பது பேர் இருக்கிறோம்.

டிரினிடாடில் கார்னிவலை ஒட்டி நடக்கும் பெரிய ஸ்டீல்பான் போட்டியான பனோரமாவின் பதிவுகளைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். 1980இல் ஆல் ஸ்டார்ஸ் வாசித்த ‘வுமன் ஆன் த பேஸ்’, 1983இல் டெஸ்பரேடோஸ் வாசித்த ‘ரெபெக்கா’, 1990இல் ரெனகேட்ஸ் வாசித்த ‘அயர்ன் மேன்’ ஆகியவற்றை, எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டேன். வரிசையில் வேறுபாடுகள் இருந்தாலும் இந்த வகை இசைக்கோப்புகளில் பொதுவாக ஒரு சட்டகம் இருப்பது புரிகிறது: முன்னிசை, மூலப் பாடலில் உள்ளபடி சரணமும் பல்லவியும், பிறகு அவற்றின் மாற்றுருவங்கள், சுருதி மாற்றம், மைனரில் (சோகச் சாயல் தரும் ஸ்வர அமைப்பில்) ஒரு பகுதி, இரண்டு மூன்று கார்டுகளையே (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளையே) சுற்றிவரும் ஜாம், மீண்டும் பல்லவி, இறுதியில் முத்தாய்ப்பு. அந்தச் சட்டகத்தை ஒட்டியே நானும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பகுதியும் தனியாகக் கேட்கும்போது நன்றாகவே இருக்கிறது. சேர்த்து வாசிக்கும்போது ஒரு பகுதி முடிந்து வேறொரு பாட்டு தொடங்குவதுபோல் ஒலிக்கிறது.

என் ஐயங்கள் இவை. பகுதிகளை ஒன்றாகக் கட்டுவது எது? சுருதியை எத்தனை முறை மாற்றலாம்? வேகமான ஸ்வர ஓட்டங்கள் இல்லாமல் நடுவர்களைக் கவர முடியுமா? நாங்கள் எடுத்திருப்பது பார்வையாளர்களில் பலருக்குத் தெரியாத பாடல். அது எங்களுக்குப் பாதகமாகுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: சவானா

பணி நிமித்தம் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வாழ்ந்த காலத்தில், கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் மாலைதோறும் குழுக்கள் பயிற்சி செய்யும் பான்யார்டுகளுக்குப் போய், ஒரே இசைக்கோப்பு நாளுக்கு நாள் வளர்வதைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் வாசிப்பவன் அல்லன். எனவே கேட்பவனின் பக்கம் நின்றே எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பனோரமாவில் பெரிய குழுக்களுக்கு இப்போது 8 நிமிடம் தரப்படுகிறது. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் 8 நிமிடம் என்பது 960 அடிகள். பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) நான்கு அடி என்று வகுத்தால் 240 பார்கள். சரணத்துக்குப் பதினாறு பார், பல்லவிக்குப் பதினாறு பார் உள்ள ஒரு பாடல் இந்த நேரத்துக்குள் ஏழரை முறை திரும்ப வரும். பாடகர் இல்லை, வரிகள் இல்லை, கதை இல்லை. ஏழரை முறை வரும் அந்த ஒரே மெட்டைக் கேட்பவர் ஒவ்வொரு முறையும் விரும்பி எதிர்பார்க்கும்படி என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் அரேஞ்சருக்கு முன்னால் உள்ள கேள்வி. உங்களுக்குத் தரப்படும் நேரம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். கணக்கின் தன்மை மாறாது.

உங்கள் பகுதிகள் ஒட்டாமல் போவதற்குக் காரணம், ஒவ்வொரு பகுதிக்கும் நீங்கள் புதிதாக ஒரு கற்பனையைக் கொண்டுவந்திருப்பதாக இருக்கும் என்று நினைக்கிறேன். கற்பனை குறைவாக இருப்பதைவிட மிகுதியாக இருப்பதுதான் இந்த வடிவத்தில் பெரும்பாலும் சிக்கலாகிறது. பாடலுக்குள்ளிருந்தே ஒரு சிறு தொடரை எடுத்து, அதை மட்டும் வைத்துக்கொண்டு 240 பார்களையும் கடக்க முடியுமா என்று முயன்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, உங்கள் பல்லவி ‘ப த ப க’ என்ற நான்கு ஸ்வரங்களில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னிசையில் பாஸ்கள் (மிகத் தாழ்ந்த ஒலி தரும் பான்கள்) மட்டும் அதை நீண்ட உருட்டலில் (ஒரே ஸ்வரத்தை விடாமல் வேகமாகத் தட்டுவதில்), ஒரு ஸ்வரத்துக்கு ஒரு பார் என்று நிறுத்தி வாசிக்கலாம். அது பல்லவியின் தலைப்பு என்பது அப்போது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சரணம் இரண்டாம் முறை வரும்போது, பாடகர் மூச்சு வாங்கியிருக்கக்கூடிய இடைவெளிகளில் டபுள் செகண்டுகள் அதே நான்கு ஸ்வரங்களை இரட்டை வேகத்தில் வைத்து நிரப்பலாம். மைனர் பகுதியில் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகவும் சதுச்ருதி தைவதம் சுத்த தைவதமாகவும் இறங்க, அதே தொடர் முகம் வாடி நிற்கும். ஜாமில் கடைசி இரண்டு ஸ்வரங்களான ‘ப க’ மட்டும் தாளக் கட்டாகி, குழு முழுவதும் அதன்மேல் ஏறிக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் கடைசிப் பல்லவி வரும்போது கேட்பவருக்கு அது வீடு திரும்பிய உணர்வைத் தரும், ஏனென்றால் இடைப்பட்ட நேரம் முழுவதும் அவர் காது அதைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

நடுவர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். பனோரமாவில் நீண்ட காலமாக வழங்கிவந்த மதிப்பெண் பகிர்வில் இசைக்கோப்புக்கு 40, பொதுவான வாசிப்புத் திறனுக்கு 40, நாதத்துக்கு 10, தாளத்துக்கு 10. இசைக்கோப்பு என்ற தலைப்பின் கீழ் முன்னிசை, கார்டுகளைப் புதிதாக அமைத்தல், மெட்டின் வளர்ச்சி, சிறு தொடர்களின் வளர்ச்சி ஆகியவை தனித்தனியாகக் கவனிக்கப்படுகின்றன. வளர்ச்சி என்பதற்கு இத்தனை அழுத்தம் ஏன் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பனோரமா 1963இல், அதாவது நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், தொடங்கியது. அதற்கு முன்பே பான் குழுக்கள் கார்னிவல் திங்கட்கிழமை விடியற்காலையில் ‘பாம்’ என்ற பெயரில் ஒரு போட்டியை வளர்த்திருந்தன. ஐரோப்பியச் செவ்வியல் படைப்பு ஒன்றை யாருக்கும் தெரியாமல் பயின்று, அதை டிரினிடாடின் கார்னிவல் பாடல் வகையான கலிப்சோவின் தாளத்தில் தெருவில் திடீரென்று வாசித்துக் காட்டுவது அதன் வழக்கம். ஒரு கருவை எடுத்துப் பல விதமாக விரிப்பது எப்படி என்று அந்தப் படைப்புகளைக் காதால் கற்ற குழுக்கள்தாம் பனோரமா மேடைக்கு வந்தன. முதல் இரண்டு ஆண்டுகளும் வென்ற நார்த் ஸ்டார்ஸ் குழுவின் தலைவர் ஆன்டனி வில்லியம்ஸ், பானில் ஸ்வரங்களை நான்காம் ஐந்தாம் உறவுகளில் வட்டமாக அடுக்கிய கருவி வல்லுநரும்கூட. விரிவாக்கும் அறிவும் தெருவில் ஆட வைக்கும் தாளமும் ஒரே மேடையில் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தக் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் போட்டி நடக்கும் சவானா மைதானத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஜாமைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து வருபவர்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். தாளில் பார்த்தால் இரண்டு கார்டுகளும் ஒரு திரும்பத் திரும்ப வரும் தொடரும் மட்டுமே இருக்கும். எழுதப் படித்தவர்களுக்கு அது வெறுமையாகத் தோன்றும். டெஸ்பரேடோஸ் குழுவுக்குப் பல வெற்றிகளைத் தேடித்தந்த கிளைவ் பிராட்லி பான் வாசிப்பவர் அல்லர். பியானோ வாசித்தவர், பள்ளியில் கணிதம் கற்பித்தவர். அவருடைய ஜாம்களைக் கவனித்துக் கேளுங்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் உள்ளே விடுவதில்லை. நடுப் பான்கள் ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டிருக்க, வேறொரு பிரிவு அதன் இடைவெளிகளில் பதில் சொல்லத் தொடங்கும். பாஸ் தன் அடியை இடம் மாற்றும். மெட்டை வாசிக்கும் உயர்ந்த ஒலிப் பான்களான டெனர்கள் நெடுநேரம் காத்திருந்து, இனி தாங்காது என்ற இடத்தில்தான் நுழையும். கார்டு மாறாதபோது கேட்பவரின் கவனம் தாளத்துக்கும் அடுக்குகளுக்கும் போய்விடுகிறது. தன் இடமான லாவென்டில் குன்றிலிருந்து இறங்கி வந்த அந்தக் குழுவுக்கு மைதானமே எழுந்து ஆடியது அந்தப் பகுதிகளுக்குத்தான். உங்கள் ஜாமில் எத்தனை அடுக்குகள் உள்ளன, எது எப்போது நுழைகிறது என்று ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். எல்லாம் முதல் நான்கு பாரிலேயே நுழைந்துவிட்டால், மீதி நேரத்தில் செய்வதற்கு எதுவும் இருக்காது.

சுருதி மாற்றத்துக்கு எண்ணிக்கை விதி எதுவும் இல்லை. எந்த இடத்தில் மாறியது என்று கேட்பவர் உணர வேண்டும், பழைய சுருதிக்குத் திரும்பும்போது அதை இழந்திருந்தோம் என்று தோன்ற வேண்டும். முப்பது பேர் கொண்ட குழுவுக்கு நன்றாகத் தயாரித்த ஒரு மாற்றமும், உரிய காலத்தில் ஒரு திரும்புதலும் போதும் என்பது என் கருத்து.

மறுமொழி: கலிப்சோ நேயர்

மேலே உள்ள மறுமொழியில் உள்ள எல்லாவற்றோடும் உடன்படுகிறேன். ஆனால் கேட்டவரின் கடைசி ஐயத்துக்கு அதில் விடை இல்லை. எந்தப் பாடலை எடுக்கிறோம் என்பதிலேயே இசைக்கோப்பில் பாதி முடிவாகிவிடுகிறது.

கலிப்சோ பாடகர் லார்ட் கிச்சனரின் பாடல்களைப் பனோரமாவில் குழுக்கள் ஆண்டுதோறும் நாடிச் சென்றதற்குக் காரணம் அவர் புகழ் மட்டும் அன்று. பானை மனத்தில் வைத்தே அவர் மெட்டமைத்தார். கார்டுகள் அடிக்கடி நகரும், மெட்டில் இடைவெளிகள் இருக்கும், பாஸ் தனக்கென்று ஒரு கதை சொல்ல இடம் இருக்கும். 1987இல் வந்த அவருடைய ‘பான் இன் ஏ மைனர்’ பாடலை இன்றும் உலகெங்கும் பான் குழுக்கள் வாசிப்பதற்கு இதுவே காரணம். இதற்கு மாறாக, மேடையில் பாடகரின் குரலையும் ஆட்டத்தையும் நம்பி இரண்டு கார்டுகளில் ஓடும் இன்றைய சோகா (கலிப்சோவிலிருந்து வளர்ந்த ஆட்ட இசை) பாடலை எடுத்தால், பாடலில் இல்லாத நகர்வுகளை அரேஞ்சரே உண்டாக்க வேண்டியிருக்கும். அது முடியாதது அன்று. டெஸ்பரேடோஸ் 2020இல் ‘மோர் சோகா’ வாசித்து வென்றிருக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் உழைப்பை முன்னரே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தெரியாத பாடல் பாதகமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1972இல் அரேஞ்சர் ரே ஹோல்மன், ஊரறிந்த கலிப்சோவை எடுக்கும் வழக்கத்தை விட்டு, ‘பான் ஆன் த மூவ்’ என்று தாமே ஒரு மெட்டமைத்து ஸ்டார்லிஃப்ட் குழுவுக்குக் கொடுத்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. மக்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கும் பாட்டை எப்படி மாற்றிக் காட்டுகிறார்கள் என்பதே போட்டி என்று நினைத்தவர்களுக்கு அது முறையற்றதாகப் பட்டது. பின்னர் லென் ‘பூக்ஸி’ ஷார்ப் அமைத்த சொந்த மெட்டுகளைக் கொண்டே ஃபேஸ் டூ குழு 1987இலும் 1988இலும் வென்றது. சொந்த மெட்டு என்பது அதன்பின் யாருக்கும் வியப்பாக இல்லை. எனவே தெரியாத பாடல் வெல்லும். அதற்கு நிபந்தனை ஒன்றுதான்: முதல் சரணத்தையும் முதல் பல்லவியையும் எந்தச் சாமர்த்தியமும் காட்டாமல், மெட்டு காதில் பதியும்படி நேராக வாசிக்க வேண்டும். தெரிந்த பாடலை வாசிப்பவர்கள் இரண்டாம் பாரிலேயே விளையாடத் தொடங்கலாம். உங்களுக்கு அந்த உரிமை இல்லை. மூலத்தையே அறியாதவரிடம் அதன் மாற்றுருவத்தைக் காட்டிப் பயன் இல்லை.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். அண்மை ஆண்டுகளின் பதிவுகளில், எந்தப் பாடல் என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு ஒரே வகையான ஏறுவரிசை இறங்குவரிசை ஓட்டங்கள் நிறைந்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு குழுவின் நடுப்பகுதியை வெட்டி மற்றொரு குழுவின் பாடலில் ஒட்டினால் வேறுபாடு தெரியாது. ஓட்டங்கள் இல்லாமல் நடுவர்களைக் கவர முடியுமா என்று நீங்கள் கேட்க வேண்டிய நிலை வந்ததே இதன் விளைவுதான். முடியும், முடிய வேண்டும்.

டபுள்செகண்ட்

இருவருக்கும் மிக்க நன்றி. என் வரைவை எடுத்துவைத்து, பல்லவியின் முதல் இரண்டு பார்களிலிருந்து ஒரு தொடரைப் பிரித்தெடுத்திருக்கிறேன். ஜாமின் வரைபடத்தையும் போட்டுப் பார்க்கிறேன்.

தொடர்ந்து ஒரு கேள்வி. நான் கீபோர்டில் வைத்து எழுதுவதால், அங்கே நிறைவாகக் கேட்கும் கார்டுகள் குழுவில் வாசிக்கும்போது சில இடங்களில் குழம்பியும் சில இடங்களில் மெலிந்தும் ஒலிக்கின்றன. பாஸ் பகுதியும் நான் எழுதிய வேகத்தில் வரவில்லை. பிரிவுகளுக்கிடையே எப்படிப் பங்கிடுவது?

மறுமொழி: நைன்பாஸ்

லண்டனில் பல ஆண்டுகளாகப் பாஸ் வாசித்து வருபவன் என்ற முறையில், கீபோர்டில் எழுதுபவர்களின் பாஸ் வரிகளோடு நிறையப் போராடியிருக்கிறேன். ஆகவே பாஸிலிருந்தே தொடங்குகிறேன்.

சிக்ஸ் பாஸ் என்பது ஆறு முழுப் பீப்பாய்கள், ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்வரங்கள், மொத்தம் பதினெட்டு. நைன் பாஸில் இருபத்தேழு. வாசிப்பவர் அந்தப் பீப்பாய்களின் நடுவே நின்றுகொண்டு, அடுத்த ஸ்வரத்துக்காக இடுப்பைத் திருப்பிக் கையை வீச வேண்டும். கீபோர்டில் ஒரு விரல் பக்கத்துக் கட்டைக்கு நகரும் தூரம், எங்களுக்கு முன் பீப்பாயிலிருந்து பின் பீப்பாய்க்குப் போகும் தூரமாக இருக்கலாம். ஒரே பாரில் எட்டு வெவ்வேறு ஸ்வரங்களை எழுதிவிட்டு, அது தெளிவாக வரவில்லை என்று சொல்வதில் பொருள் இல்லை. எந்தெந்த ஸ்வரங்கள் ஒரே பீப்பாயில் உள்ளன என்று உங்கள் பாஸ் கலைஞரிடம் கேட்டு, ஒரு படம் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய உடல் எளிதாகப் போகும் வழியில் வரியை அமைத்தால் அதே இசைக் கருத்து இருமடங்கு அழுத்தத்தோடு வரும். மேலும், பாஸ் நிறுத்தி மௌனமாக இருக்கும் இரண்டு அடிகளுக்குப் பிறகு வரும் ஓர் ஒற்றை அடி, ஓயாமல் நகரும் வரியைவிட வெளியரங்கில் பலமாகக் கேட்கும். திறந்தவெளியில் கீழ்ச் சுரங்களைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை என்பதை மறக்கக் கூடாது.

கார்டுகள் குழம்புவதற்குக் காரணம் எளியது. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு குச்சிகளே உள்ளன, ஆகவே ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரங்களுக்கு மேல் தர முடியாது. நீங்கள் கீபோர்டில் இரு கைகளாலும் அழுத்தும் ஐந்து ஸ்வரக் கார்டைக் குழு முழுவதும் சேர்ந்துதான் கட்ட வேண்டும். அடிப்படை ஸ்வரம் பாஸிடம் இருக்கிறது. அதைச் செல்லோ பானும் கிட்டார் பானும் (பாஸுக்கு மேலே உள்ள நடுத்தர ஒலிப் பான்கள்) திரும்பச் சொன்னால் கீழ்ப்பகுதி சேறாகிவிடும். செல்லோவிடம் மூன்றாம் ஸ்வரத்தையும் ஏழாம் ஸ்வரத்தையும் கொடுங்கள், ஏனென்றால் கார்டின் குணத்தைச் சொல்பவை அவை இரண்டும்தான். ஐந்தாம் ஸ்வரத்தையும் ஒன்பதாம் ஸ்வரத்தையும் டபுள் செகண்டுக்கு மேலே விட்டுவிடுங்கள். கிட்டார் பான் அந்தக் கார்டைத் தாளத்தில் தட்டிக்கொண்டே போகட்டும். மெலிந்து ஒலிக்கும் இடங்கள் பெரும்பாலும் டெனர்கள் தனியாக உச்ச ஸ்தாயியில் நிற்கும் இடங்களாக இருக்கும். அங்கே டபுள் டெனரை ஒரு ஸ்தாயி கீழே அதே மெட்டில் நிறுத்திப் பாருங்கள். மெட்டுக்கு உடல் வந்துவிடும்.

பானில் ஒற்றை அடி விரைவில் தேய்ந்துவிடும் என்பதும் கீபோர்டில் எழுதும்போது மறந்துபோகிறது. நீண்ட ஸ்வரம் வேண்டுமென்றால் உருட்டல்தான் வழி. உருட்டலில் ஓசையைச் சிறிதாகத் தொடங்கிப் பெருக்கவும் பெரிதாகத் தொடங்கிக் குறைக்கவும் முடியும். முப்பது பேர் சேர்ந்து நான்கு பார்களில் முணுமுணுப்பிலிருந்து முழக்கத்துக்கு ஏறுவது, எந்த ஓட்டத்தைவிடவும் கேட்பவரின் முதுகுத்தண்டில் இறங்கும். பொதுவான வாசிப்புத் திறனுக்கு உரிய 40 மதிப்பெண்ணில் இந்த ஏற்ற இறக்கத்துக்கு முக்கியப் பங்கு உண்டு, ஆனால் அதை இசைக்கோப்பிலேயே எழுதிவைக்காவிட்டால் மேடையில் பரபரப்பில் எல்லாரும் ஒரே சத்தத்தில் வாசித்து முடித்துவிடுவார்கள்.

நீங்கள் டபுள் செகண்ட் வாசிப்பவர் என்பதால் இது உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்: உங்கள் இரண்டு பான்களிலும் ஸ்வரங்கள் முழு இடைவெளிகளில் பிரிந்திருப்பதால், அரை அரை ஸ்வரமாக ஏறும் ஓட்டம் இடம் வலம் என்று மாறி மாறி இயல்பாக வந்துவிடுகிறது. டெனரில் ஸ்வரங்கள் ஐந்தாம் உறவில் வட்டமாக இருப்பதால், அதே ஓட்டம் பானின் குறுக்கே தாவித் தாவிப் போக வேண்டியிருக்கிறது. உங்கள் கைக்கு எளிதானதை டெனருக்கு அப்படியே எழுதிவிடாதீர்கள். டெனருக்குக் கார்டின் ஸ்வரங்களைத் தொட்டுச் செல்லும் ஓட்டம் எளிது, உங்களுக்கு அரை ஸ்வர ஓட்டம் எளிது. இரண்டையும் எதிரெதிராக வைத்தால் கேட்பவருக்கு இரண்டு மடங்கு வேகமாகத் தோன்றும், வாசிப்பவர்களுக்கோ சுமை குறையும்.

ஓட்டங்கள் பற்றி ஒரு கணக்கு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. நூறு பேருக்கு மேல் உள்ள ஒரு குழு 30 மீட்டர் அகலத்தில் பரந்து நின்றால், ஒரு முனையில் அடித்தது மறுமுனைக்குப் போய்ச் சேர நொடியில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், ஓட்டத்தின் ஒரு ஸ்வரத்துக்கு உரிய கால் அடி என்பது நொடியில் எட்டில் ஒரு பங்கு. அதாவது, காதை நம்பி வாசித்தால் ஓட்டத்தின் ஒரு ஸ்வரம் ஏறக்குறைய அடுத்த ஸ்வரத்தின் மேல் போய் விழுந்துவிடும். இதனால்தான் இரும்பையும் (தட்டி ஒலிக்கும் வண்டி பிரேக் டிரம்) டிரம்ஸையும் கொண்ட என்ஜின் ரூம் என்ற தாளப் பிரிவை நடுவில் நிறுத்துகிறார்கள். இதனால்தான் இரு முனைகளிலும் உள்ளவர்கள் ஒரே ஓட்டத்தைச் சேர்ந்து வாசிக்கும்படி எழுதுவதைவிட, அருகருகே நிற்கும் பிரிவுகளுக்கு அதைக் கொடுத்து மற்றவர்களைத் தாங்கிப் பிடிக்க விடுவது பாதுகாப்பானது. உங்கள் குழுவின் அகலம் இதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், ஆகவே சிக்கலும் அந்த அளவுக்குக் குறையும். சிறிய குழுவுக்கு உள்ள பெரிய நன்மை இந்தத் தெளிவுதான். பெரிய குழுக்களின் பதிவுகளைக் கேட்டு அந்தப் பருமனை நகலெடுக்க முயலாமல், அவர்களால் செய்ய முடியாத நுணுக்கமான கேள்வி பதில்களை எழுதுங்கள்.

என்ஜின் ரூமை இசைக்கோப்புக்கு வெளியே வைத்துப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உள்ளது. அவர்கள் தம் போக்கில் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். இரும்பு ஓயாமல் ஒலித்தால் காது அதைக் கேட்பதை நிறுத்திவிடும். மைனர் பகுதியில் எட்டு பார்களுக்கு இரும்பை நிறுத்தி, ஸ்கிராச்சரும் (சுரண்டி ஒலிக்கும் கருவி) காங்காவும் (கையால் தட்டும் முரசு) மட்டும் ஓடட்டும். பிறகு ஜாமின் முதல் அடியில் இரும்பு திரும்பி வரும்போது என்ன நிகழ்கிறது என்று உங்கள் பயிற்சிக் கூடத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் உங்கள் குழுவினர் மனப்பாடமாக வாசிக்கப் போகிறார்கள். போட்டி மேடையில் யார் முன்னாலும் தாள் இருப்பதில்லை, பலர் குறியீடு படிக்காமல் காதால் கற்பவர்கள். பூக்ஸி ஷார்ப் போன்றவர்கள் குறியீட்டின் துணையே இல்லாமல், யார்டில் நின்றுகொண்டு ஒவ்வொரு பிரிவுக்கும் தொடர் தொடராகச் சொல்லிக்கொடுத்தே இந்தக் கலையை இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தொடரை நீங்கள் வாயால் பாடிக் காட்ட முடியவில்லை என்றால், அதைக் குழுவுக்குக் கற்பிக்கப் பெரும்பாடு படுவீர்கள்.

மறுமொழி: சவானா

நைன்பாஸ் எழுதியதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். இரும்பை நிறுத்தித் திரும்பக் கொண்டுவருவது பற்றி அவர் சொன்னதைப் பல ஆண்டுகளின் பதிவுகளில் என்னாலும் இனங்காண முடிகிறது.

கலிப்சோ நேயரிடம் ஓர் இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். இன்றைய ஓட்டங்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் குறையை ஓட்டத்தின் மேல் சுமத்தினால் ரெனகேட்ஸின் அரேஞ்சர் ஜிட் சமாரூவுக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம். டிரினிடாடின் லோப்பினோ பள்ளத்தாக்கில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த அவர், ரெனகேட்ஸ் குழுவுக்கு 1982 முதல் 1997 வரை ஒன்பது முறை பட்டத்தைப் பெற்றுத்தந்தார். 1995, 1996, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது, அதற்கு முன் எந்தக் குழுவும் செய்யாத சாதனை. அவருடைய இசைக்கோப்புகளில் இருக்கும் அளவுக்கு ஓட்டங்கள் வேறு எங்கும் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அவற்றை மெதுவாக ஓடவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ஓட்டத்தின் வலுவான அடிகளில் விழும் ஸ்வரங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், பல இடங்களில் பாடலின் மெட்டோ அதன் எதிர்மெட்டோ உள்ளே இருப்பது தெரியும். ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் போகும் பாதையாகவே ஓட்டம் அமைந்திருக்கும். இடத்தை அடைப்பதற்காக வைக்கப்பட்ட ஓட்டத்தில் இந்த உள்ளீடு இருக்காது, அதனால்தான் அதை எந்தப் பாடலிலும் ஒட்ட முடிகிறது.

எனவே கேட்டவருக்கு என் பரிந்துரை: நீங்கள் எழுதிய ஒவ்வொரு ஓட்டத்தையும் இந்த முறையில் சோதித்துப் பாருங்கள். வலுவான அடிகளில் விழும் ஸ்வரங்களை மட்டும் தனியே வாசியுங்கள். அவை பாடலோடு உறவு கொண்டிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், அந்த இடத்தில் பல்லவியிலிருந்து பிரித்தெடுத்த தொடரை ஒருமுறை முயன்று பாருங்கள். திருத்திய வரைவைப் பயிற்சியில் வாசித்த பிறகு, ஜாம் எத்தனையாவது பாரில் தொடங்குகிறது, டெனர்கள் எங்கே நுழைகின்றன என்பதை இங்கே எழுதினால், அதைப் பற்றித் தொடர்ந்து பேசலாம்.